இரண்டு குறைவு

செவ்வாய்க்கிழமை காலை
மூன்று பெயர்களை ஒன்றாக்கினேன்.
ஒரே செடிதான்.
ஆற்றோரம் ஆளுயரத்தில் பார்த்தவர் ஒரு பெயர் வைத்தார்;
மலைமேல் குள்ளமாய், மயிரடர்ந்து பார்த்தவர் இன்னொன்று;
மூன்றாமவர் பாரிஸை விட்டு நகராமல்
காய்ந்த கிளையை மட்டும் பார்த்து
தனக்குக் கடன் கொடுத்தவரின் பெயரை.
உறையை மாற்றினேன், பென்சிலால் தேதியிட்டேன்.
ஈக்வடாரில் இரண்டு செடிகள் குறைந்தன.

மதியம் அமைச்சகத்திலிருந்து அழைப்பு.
போன வருடத்தைவிட இரண்டு குறைகிறதே,
எங்கே தீப்பிடித்தது என்றது ஓர் இளங்குரல்.
எங்கும் இல்லை என்றேன்.
உலக நாடுகளின் அட்டவணை வேண்டுமாம், வெள்ளிக்கிழமைக்குள்.
பிரேசிலையும் கொலம்பியாவையும்
என்ன செய்தாலும் எட்ட முடியாது.
"சதுர கிலோமீட்டருக்கு எத்தனை என்று போடுங்கள்.
நாம் மேலே வந்துவிடுவோம் அல்லவா?"
வந்துவிடுவோம்.
வகுக்கத் தெரிந்த நாடு எதுவும் தோற்பதில்லை.

ரொசாவுரா குவாசபாஸ்
எல்லையிலிருந்து மாதிரிகள் அனுப்புகிறவள்.
துல்கானுக்கு மேற்கே, மூடுபனி மேட்டில்,
எல்லைக்கல் ஒன்றை மெத்தைச்செடி விழுங்கிக்கொண்டிருக்கிறதாம்.
ஒரே வேர்.
வருடத்துக்கு நகத்தின் அளவு வளர்ந்து
கல்லின் இரு பக்கமும் வழிந்துவிட்டது.
இந்தப் பக்கம் ஒரு துண்டு, அந்தப் பக்கம் ஒரு துண்டு
அறுத்து, இரண்டு பொட்டலம் கட்டியிருந்தாள்.
"கேலி இல்லை. 'நாடு' என்ற கட்டத்தைக் காலியாக விட்டால்
உங்கள் கணினி ஏற்க மாட்டேன் என்கிறது."

அகுரேரியிலிருந்து ஆஸ்லாவுக் எழுதியிருந்தாள்.
ஐஸ்லாந்து முழுவதற்கும் அவளிடம் நான்கு அலமாரி;
ஐந்தாவதில் அவளுடைய மழைக்கோட்டு.
நானூற்றுச் சொச்சத்தில்
முகம் தெரியாதது ஒன்றுகூட இல்லை,
பனி உருகும் வாரத்தில்
எது எந்தச் சரிவில் முதலில் தலைநீட்டும் என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், என்கிறாள்.
உனக்கு எத்தனை தெரியும்?

குத்தலாகக் கேட்கவில்லை. குளிர்காலம், பொழுது போகவில்லை.
தாளை எடுத்து வரிசையாக எழுதத் தொடங்கினேன்.
இருநூற்றுப் பதினொன்றில் பேனா நின்றது.
பதினேழாயிரத்தில்.

அவளுக்கு எழுதாமல் விட்டது இது:
பதினான்காம் வரிசை, கீழ்த்தட்டு.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது,
மேற்குச் சரிவில் ஒரு முகடு.
"ஊதா மடல். தரையோடு ஒட்டியது. ஏராளம்."
சேகரித்தவர் ஏராளத்துக்குக் கீழே கோடு போட்டிருக்கிறார்.
மறு வருடம் அங்கே சாலை வந்தது. பிறகு கொக்கோ.
இப்போது எண்ணெய்ப்பனை.
இரண்டு முறை போனோம், ரொசாவுராவும் நானும்.
பனைகளுக்கு நடுவே ஒருவர்
மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தார்.
படத்தைக் காட்டினோம்.
கையைத் துடைத்துவிட்டு வாங்கி, வெகுநேரம் பார்த்தார்.
அழகாயிருக்கிறது, எந்த ஊர்ச் செடி என்றார்.

தேடியது போதாது என்கிறது விதி.
ஆகவே பட்டியலில் இருக்கிறது,
தன் எண்ணோடு, கெடாமல்.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்குக் கூட்டுத்தொகையை அனுப்பினேன்.
நன்றி வந்தது, கூடவே ஒரு கேள்வி:
அந்த இரண்டையும்
எப்படியாவது மீட்க வழி உண்டா?

மெத்தைச்செடித் துண்டுகள் இன்னும் காயவில்லை.
அழுத்துபலகையைத் திறந்து நாளிதழை மாற்றினேன்.
ஊறிப்போன பக்கத்தில் கால்பந்துச் செய்தி:
எங்களுக்கும் கொலம்பியாவுக்கும், ஒன்றுக்கு ஒன்று.
புதுத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து,
வார் இழுத்துக் கட்டி,
விளக்கை அணைக்கப் போனபோதுதான் உறைத்தது:
எது எந்தப் பொட்டலத்தில் வந்தது என்று குறிக்கவில்லை.

ரொசாவுராவை அழைத்தேன்.
மேட்டில் இருந்தாள் போலும், காற்றின் இரைச்சல்.
என்ன சொன்னாள் என்று சரியாகக் கேட்கவில்லை,
சிரித்தது மட்டும் கேட்டது.